தண்டோராக்காரன் காலும் அரசரின் விரலும்

முன்னொரு காலத்தில், அரசருக்குக் கால் வலித்தால் நாடே நொண்ட வேண்டியிருந்த காலத்தில், ஓர் அரசருக்குக் கால் கட்டைவிரலில் வாதம் வந்தது. அரண்மனை வைத்தியர் காய்ச்சிய தைலத்தைத் தடவியதும் வலி விட்டது. மகிழ்ச்சி தாங்காத அரசர், "கை கால் ஊனமுற்ற குடிகள் அனைவருக்கும் வைத்தியசாலையில் இத்தைலம் இலவசம்!" என்றார்.

பிறருக்கு ஏதாவது இலவசமாகக் கிடைத்தால் அமைச்சர் சர்வோத்தமருக்கு வயிறு எரியும். "மன்னா, வேலை செய்ய முடிகிறவனுக்கு ஊனம் ஏது? வேலை செய்வோர் எவரும் வைத்தியசாலைக்குள் நுழையக் கூடாது என்று ஆணையில் ஒரு வரி சேர்ப்போம்" என்றார். வலியில்லாத உற்சாகத்தில் அரசரும் தலையாட்டிவிட்டார்.

ஆணையை ஊருக்கு அறிவித்தவன் தண்டோராக்காரன் முத்திருளன். பிறவியிலேயே வலது கால் வளைந்தவன். கக்கத்தில் கோல், இடுப்பில் முரசு. கடைசித் தெருவை முடித்துக்கொண்டு நேரே வைத்தியசாலைக்குப் போனான்.

"நீ வேலை செய்கிறவன். ஊரே கேட்டதே!" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அரசவை விகடன் அம்பலத்தாடியிடம் போய் அழுதான். "தைலம் தேச்சாத்தான் கால் நடக்கும் சாமி. நடந்தாத்தான் வேலை. வேலைக்குப் போனா தைலம் இல்லியாம். வீட்ல குந்திக்கிட்டா தருவாங்களாம். அப்புறம் சோத்துக்குப் பதிலா அதையே குடிக்கவா?"

"குடிச்சிடாதப்பா, கசக்கும். கொஞ்சம் பொறு" என்றான் அம்பலத்தாடி.

மறுநாள் வைத்தியசாலை வாசலைக் காக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான். "ஆணையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவேன், மன்னா." விகடன் வெயிலில் நிற்கப்போகிறான் என்று அமைச்சருக்கு ஒரே குஷி.

முதலில் வந்தவர் வைத்தியர். "வேலைக்கு நேரமாகிறது, வழி விடு."

"வேலையா? அப்படியென்றால் வழி இல்லை."

"அடேய், நான் வைத்தியர்!"

"அதனால்தான்."

வைத்தியர் படியில் உட்கார்ந்தார். மருந்து அரைப்பவர்களும் வரிசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அன்று பார்த்து அரசரின் விரல் மறுபடி வீங்கியது. தைலம் வரக் காணோம். அமைச்சர் பின்தொடர அரசரே பல்லக்கில் வந்துவிட்டார்.

"மன்னர் பெருமான் ஏதேனும் வேலை செய்கிறாரா?" என்று அம்பலத்தாடி பணிவாகக் கேட்டான்.

அமைச்சர் கொதித்தார். "இரவு பகலாக நாட்டையே சுமக்கிறார்!"

"அப்படியானால் அவர் விரலில் நோவே இல்லை. பல்லக்கைத் திருப்புங்கள்."

"ஐயோ!" என்று அரசர் முனகினார்.

அமைச்சர் பதறிப்போனார். "இல்லை, இல்லை! மன்னர் ஒரு வேலையும் செய்வதில்லை!"



"ஒரு வேலையும் செய்வதில்லையா, சர்வோத்தமரே?" என்றார் அரசர், மெதுவாக.

"கோபிக்காதீர்கள், மன்னா" என்றான் அம்பலத்தாடி. "மருந்து வேண்டுமென்றால் இங்கே அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முத்திருளனுக்கு அது வரவில்லை. தங்கள் ஆணையைத் தெருத்தெருவாகச் சொன்னான். சொன்ன குற்றத்துக்குத் தைலம் போயிற்று."

அரசர் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க விரல் தெறித்தது. தெறிக்கத் தெறிக்கச் சிரித்தார். "வேலை செய்தாலும் வலி வலிதான். அந்த வரியை அடியுங்கள்! முதல் கிண்ணம் முத்திருளனுக்கு, அடுத்தது எனக்கு!"

புதிய ஆணையை முத்திருளன் கணீரென்று அறிவிக்க, முரசைச் சுமந்து பின்னால் நடந்தவர் சர்வோத்தமர்.

"அம்பலத்தாடி, பரிசாக இந்த வாசற்காவல் வேலையை உனக்கே நிரந்தரமாக்குகிறேன்" என்றார் அரசர்.

"வேண்டாம், மன்னா. எனக்கு உடம்பில் ஒரு குறையுமில்லை. வேலை செய்யத்தான் முடியாது."

அரசர் மறுபடி விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்து, முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.