செடியைத் தவிர வேறு எதுவும்

பெரம்பலூர்ப் பக்கம், மக்காச்சோளத் தட்டையிலிருந்து பெயிண்டுக்கான ரசாயனம் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பூரணி கேட் காவலுக்கு இருந்தாள். ஆலையின் கரிப்புகை அவள் தெருவில் காயும் துணியையெல்லாம் கறுப்பாக்கியது. மூன்று முறை சொல்லியும் மேனேஜர் தயாபரன் காதில் ஏறவில்லை.

"நாளைக்குப் பசுமைச் சான்றிதழ் கொடுக்க ஆளுங்க வர்றாங்க. இந்தக் கேட்டுக்குள்ள செடியைத் தவிர எதுவும் வர்றதில்லை, புரிஞ்சுதா?" என்றார் அவர்.

"புரிஞ்சுதுங்க சார்" என்றாள் பூரணி, அலுத்துப்போய்.

மறுநாள் வந்த நிலக்கரி லாரிகளை அவள் வெளியிலேயே நிறுத்திவிட்டாள். பத்து மணிக்குப் பாய்லர் அணைந்தது. தயாபரன் கேட்டுக்கு ஓடி வந்தார்.

"லாரியை ஏன் மறிச்சே?"

"செடியைத் தவிர எதுவும் வராதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"தினம் நாற்பது டன் கரி இல்லாம பாய்லர் எப்படி எரியும்?" என்று கத்தியவர், சான்றிதழ் கொடுக்க வந்த அம்மாள் பின்னாலேயே நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"நிலக்கரியும் ஒரு காலத்துல செடிதானுங்களே, மேடம்" என்று அசடு வழிந்தார்.

அந்த அம்மாள் சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பூரணி கேட்டைத் திறந்தாள். "இதை நேத்தே சொல்லியிருந்தா லாரியை விட்டிருப்பேனே சார்."