மொழிபெயர்க்காத சாட்சி

“அக்கா, மூணு நாளா நான் பேசினதுல ஒரு வார்த்தையைக்கூட நீங்க இந்த ஜனங்களுக்குச் சொல்லலையாமே?”

லீதியாள் அக்கா கொதிக்கிற பானையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ஆமா தம்பி. சொல்லல.”

ஆட்லின் இதை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், கொஞ்சம் சுருக்கித்தான் சொன்னேன் என்பாள், உனக்கு யார் சொன்னது என்று திருப்பிக் கேட்பாள் என்றெல்லாம் நினைத்து வந்திருந்தான். அத்தனைக்கும் பதில் வைத்திருந்தான். ‘ஆமா’வுக்கு மட்டும் வைத்திருக்கவில்லை.

அவன் குலசேகரத்துக்காரன். வயது இருபத்துநாலு. சபையின் வாலிபர்கள் ஐந்து பேர் இருபது நாள் ஊழியத்துக்காகத் தான்சானியாவுக்கு வந்திருந்தார்கள். நாலு பேர் பெரிய ஏரியின் அக்கரையில் பள்ளிக்கூடம் கட்டப் போய்விட்டார்கள். கர்த்தர் தன்னைத் தொட்ட கதையைக் கூட்டங்களில் நன்றாகச் சாட்சி சொல்கிறவன் என்று ஆட்லினை மட்டும் இக்கரையில், கிட்டூலி என்ற மீன்பிடி ஊரில் விட்டிருந்தார்கள்.

சாயங்காலந்தோறும் ஏரிக்கரை மாமரத்தடியில் கூட்டம். அவன் தமிழில் பேசுவான். பக்கத்தில் நின்று லீதியாள் அக்கா சுவாஹிலியில் சொல்வாள். அந்த ஊரில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள்தான். நாசரேத்தில் பிறந்து, நர்ஸ் படிப்பு முடித்து, பதினாறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியை நடத்திக்கொண்டிருக்கிறவள்.

அன்று காலையில் ஒரு பெண் ஆட்லினின் கையைப் பிடித்துத் தன் வீட்டு முற்றத்துக்கு இழுத்துப் போனாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பானையைக் காட்டினாள். அவனைக் காட்டினாள். ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அந்த வழியாக வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆங்கிலம் தெரியும். என்ன சொல்கிறாள் என்று ஆட்லின் அவரிடம் கேட்டான்.

“நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டாளாம்.”

“நான் என்ன சொன்னேன்?”

வாத்தியார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று. மூன்று நாளும் அதைத்தானே சொன்னீர்கள்?”

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தான்.

“ஏன்க்கா?”

“மேல ஆத்தோரத்து ஊர்ல காலரா. பதினோரு பேர் போயிட்டாங்க. அந்த ஆத்துத் தண்ணிதான் இங்க ஏரியில வந்து விழுது.”

“அதை நீங்களே சொல்லலாம்லா?”

“சொன்னேனே. பதினாறு வருஷமா சொல்லுதேன். கையைக் கழுவு, கொசுவலை கட்டு, தண்ணியைக் கொதிக்க வை. என் சத்தம் கேட்டாலே எந்திரிச்சுப் போயிருவாங்க. போன வாரம் மணி அடிச்சுக் கூப்பிட்டேன், ஏழு பேர் வந்தாங்க. நீ வந்த அன்னைக்கு இருநூறு பேர்.”

“அப்போ எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நானே அதைப் பேசியிருப்பேன்.”

“பேசியிருப்ப. நான் பேசுத மாதிரியே பேசியிருப்ப.”

ஆட்லின் ஞாபகம் வந்தவனாய்க் கேட்டான்.

“முந்தாநாள் கை தூக்கச் சொன்னேனே. கர்த்தருக்கு உங்களைக் குடுக்கிறவங்க கையைத் தூக்குங்கன்னு. எண்பது பேர் தூக்கினாங்க. நான் எண்ணினேன்.”

“இன்னைக்கே வீட்டுக்குப் போய் அடுப்பைப் பத்தவைக்கப் போறது யாருன்னு கேட்டேன்.”

ஆட்லின் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். அந்த எண்பதை அன்றைக்கே சபையின் வாட்ஸப் குழுவுக்கு எழுதி அனுப்பியிருந்தான். சபைப் போதகரான ஐயர் அதை ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்போவதாகப் பதில் போட்டிருந்தார்.

“நேத்து நான் அழுதேன்,” என்றான். “அவங்களும் அழுதாங்க. அதுவாவது உண்மையா?”

லீதியாள் அக்கா அகப்பையைக் கீழே வைத்தாள்.

“உண்மைதான். மேல ஊர்ல செத்ததுல ஏழு பேர் பிள்ளைங்க. நீ அழ ஆரம்பிச்சதும் அதுங்க பேரைச் சொன்னேன். ஒண்ணொண்ணா.”

“அது எனக்க அப்பா சாவு அக்கா.”

“தெரியும். எனக்குத் தமிழ் தெரியும்லா.”

“தப்பா தெரியலையா உங்களுக்கு?”

“தப்புதான்.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “வா,” என்று முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. கதவைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு கட்டில்கள் வரிசையாய்க் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பின் நடுவில் வட்டமாக வெட்டிய ஓட்டை. ஓட்டைக்குக் கீழே ஒரு வாளி.

எழுந்து போக முடியாத காலராக்காரர்களுக்கு என்று ஆட்லினுக்குப் பார்த்தாலே தெரிந்தது.

அவள் முதல் கட்டிலிலிருந்து கடைசிக் கட்டில்வரை நடந்தாள். திரும்பி வந்தாள்.

“எல்லாம் காலி,” என்றாள்.

கதவைச் சாத்தினாள்.

வெளியே வந்ததும் அவள் குரல் இறங்கியிருந்தது. “தம்பி, உன்னை ஏமாத்தினது ஏமாத்தினதுதான். இன்னைக்கு நீ பேசுததை ஒரு வார்த்தை விடாம அப்படியே சொல்லுதேன். சாட்சி உன்னோடது. நீயே முடிவு பண்ணிக்கோ.”

“இன்னைக்கு நீங்க என்ன சொல்லணும்னு இருந்தீங்க?”

“உப்புச் சர்க்கரைத் தண்ணி. வயித்தால போச்சுன்னா பிள்ளையை இங்க தூக்கிட்டு வாரதுக்குள்ள குடுக்கணும். கொதிச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர். சின்ன ஸ்பூனால ஆறு ஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி. உப்பு அரை ஸ்பூன். உப்பு கூடிச்சுன்னா அதுவே ஆளைக் கொன்னுரும்.”

“சர்க்கரைக்கு இவங்க என்ன சொல்லுவாங்க?”

“சுக்காரி.”

“உப்புக்கு?”

“சும்வி.”

அவன் ஏரிக்கரைக்குப் போனான். அங்கே ஒரு பாறை உண்டு. அதன்மேல் ஏறி நின்றால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். நண்பகல் வெயிலில் நின்று சபைக் குழுவுக்கு எழுதினான். ‘அந்த எண்பது பேரும் கை தூக்கினது தண்ணியைக் கொதிக்க வைக்கிறதுக்கு. நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேன். ஐயர் வாசிக்க வேண்டாம்.’

அனுப்ப மனசு வரவில்லை. படகு ஒன்று தூரத்தில் தெரிந்து, கரைக்கு வந்து, வலையை இறக்கி முடிக்கிறவரைக்கும் அப்படியே நின்றான். பிறகு அனுப்பினான்.

உடனே இருபது முப்பது பேர் ‘ஸ்தோத்திரம்’ என்று போட்டார்கள். கைகூப்பிய படங்களும் வந்தன. யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. கடைசியில் ஐயர் மட்டும் எழுதினார்: ‘சரி தம்பி. வாசிக்கல. ஊர்ல சீக்கு எதுவும் உண்டா?’

நாலு மணிக்கு மாமரத்தடி நிறைந்துவிட்டது. முந்தின நாளைவிடக் கூட்டம் அதிகம். மேல ஊரில் இன்னும் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று மதியம் சேதி வந்திருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

லீதியாள் அக்கா அவன் பக்கத்தில் வந்து நின்றாள். முடிவு என்ன என்று கேட்கவில்லை.

ஆட்லின்தான் கேட்டான்.

“உப்புச் சர்க்கரைத் தண்ணிக்கு எவ்வளவு நேரம் வேணும்க்கா?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அரை மணி நேரம் போதும்.”

“சரி.”

அவன் முன்னால் போய் நின்று வழக்கம்போலத் தொடங்கினான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியுமுன்னே கத்தியோடு கிளம்பிவிடுவார். நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போனேன். இரண்டு வருஷம் அவரோடு பேசவில்லை.

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவள் சுவாஹிலியில் ஒரு வாக்கியம் சொன்னாள். ஜனங்கள் அவன் முகத்தையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

நாகர்கோவில் பக்கத்தில் நாற்பது கூட்டங்களில் சொன்ன சாட்சி அது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அந்த இடமும் வந்தது.

“அப்பா சீரியஸ்னு போன் வந்தது. ஓடிவந்தேன். நான் வந்து சேருமுன்னே அப்பா போயிட்டாரு. அவருக்க காலைப் பிடிச்சு அழும்போதுதான் கர்த்தர் எங்கூடப் பேசினாரு.”

குரல் உடையவில்லை.

எதிரே இருந்தவர்களைப் பார்த்தான். அவனுக்காக அழ வேண்டிய வேலை அங்கே யாருக்கும் இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் மடியில் கிடந்த பிள்ளையின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அக்கா சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது பொய்,” என்றான் ஆட்லின்.

அக்கா எதையோ சொன்னாள். கூட்டம் தலையாட்டியது.

“நான் வந்து சேர்ந்தப்போ அப்பா உயிரோடதான் இருந்தாரு. ரெண்டு நாள் இருந்தாரு. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போனேன். உள்ள போகல.”

அக்கா சொன்னாள்.

“எதுத்தாப்ல டீக்கடை. அங்க உக்காந்திருந்தேன். அவர் வந்து கூப்பிடட்டும்னு நினைச்சேன். படுக்கையில கிடக்கிற மனுஷன் எப்படி வருவாரு? ரெண்டு நாளும் நினைச்சேன். அம்மா அழுத சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது. அப்பதான் எந்திரிச்சேன்.”

அவன் சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினான்.

“இதை நான் எந்தக் கூட்டத்துலயும் சொல்லல. அம்மைக்கும் தெரியாது.”

லீதியாள் அக்கா வாயைத் திறந்தாள். சுக்காரி என்றாள். அதோடு நின்றுவிட்டாள்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெண் ஆறு விரலை நீட்டியபடி காத்திருந்தாள்.

அக்கா அவன் பக்கம் சாய்ந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

“தம்பி, இதை இவங்களுக்குச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்க்கா,” என்றான் ஆட்லின். “நீங்க இன்னும் உப்பு சொல்லல.”