ரசம் விழாத இலை

மலையடிவார மடத்துச் சாமிக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் செங்கோடனுக்கு அறுபத்து மூன்று. சாமி அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

மலைமேல் ஒரு குகை உண்டு. ஒரே ஒருவர் உட்காரலாம். விழிப்பு கைகூடிய சீடருக்கு அதைக் கொடுப்பது மடத்து வழக்கம். ஆறு வருடத்துக்கு முன்பு அது நாச்சிமுத்துவுக்குப் போனது. நாச்சிமுத்து மடத்துக்கு வந்ததே செங்கோடனுக்கு ஒரு வருடம் பிந்தித்தான். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். நாச்சிமுத்து தினமும் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார். செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இப்போது நாச்சிமுத்துவுக்கு முட்டி வலி. படி ஏற முடியாது என்று கீழேயே தங்கிவிட்டார். குகை காலி.

மறுநாள் காலை செங்கோடன் குளித்து, நீறு பூசி, சாமி முன்னால் போய் நின்றார்.

"இந்தத் தடவை குகை எனக்குத்தானுங்களே சாமி?"

"விழிப்பு வந்துருச்சுங்களாண்ணா?"

"ஒரு மூச்சு தப்பாம கவனிக்கிறேனுங்க. நடந்தா நடக்கறது தெரியுது. தின்னா திங்கறது தெரியுது."

"பலே. இன்னைக்கு அமாவாசை. நூறு பேரு சாப்பிட வர்றாங்க. நீங்க ரசம் ஊத்துங்க. அப்புறம் பேசலாம்."

செங்கோடன் வாளியைத் தூக்கினார். மூச்சை இழுத்தால் கரண்டி உள்ளே, விட்டால் கரண்டி இலைக்கு. கண் கரண்டி நுனியை விட்டு அசையவில்லை. நூறு இலையும் முடிந்ததும் வாளியும் கையுமாக வந்து நின்றார்.

"கரண்டியிலிருந்து ஒரு சொட்டு சிந்தலைங்க சாமி!"

"அப்படிங்களா? வாங்க, பந்தியோரமா ஒரு நடை போயிட்டு வரலாம்."

முதலில் பூக்காரம்மா பிடித்துக்கொண்டாள். "ரசத்துக்குச் சோறு வாங்கறதுக்குள்ள வெறும் இலையில ஊத்திட்டாருங்க சாமி. என்ற சேலைதான் குடிச்சுது. கத்துனேன், இந்தண்ணன் காதுல விழலை."

பக்கத்தில் லாரி டிரைவர் ஒருவர். "எனக்குப் பாயசத்துலயே ஊத்திட்டாருங்க. பரவாயில்லை, புளிப்பும் இனிப்புமா நல்லாத்தான் இருக்குது."

பந்தியே சிரித்தது. செங்கோடனுக்குக் காது சிவந்துவிட்டது.

"நான் கரண்டியத்தானுங்க பார்த்தேன். ஆளு யாரையும் பார்க்கலை."

கடைசியில் ஒரு பெஞ்சில் நாச்சிமுத்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முன்னால் இலை. சோற்றில் குழி பறித்து வைத்திருந்தார். குழி காய்ந்து கிடந்தது.

"எனக்கு மட்டும் வானம் பார்த்த சோறுங்க சாமி" என்றார்.

செங்கோடன் திகைத்தார். தாண்டியதே அவருக்கு ஞாபகம் இல்லை.

"யாரையும் பார்க்கலைன்னீங்களேண்ணா. நூறு இலையில இந்த ஒண்ணை மட்டும் எப்படித் தாண்டுனீங்க?"

செங்கோடன் காலி வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சரி, இவருக்கு எந்த முட்டி வலி?"

"இடதுங்க" என்றார் செங்கோடன் சட்டென்று. "எந்திரிக்கறப்ப வலது கையத்தான் ஊனுவாரு. பச்சைத் தண்ணி குடிச்சா மூணு தும்மல். தாளிச்ச மொளகாய ஓரமா ஒதுக்கி வெச்சு, கடைசியில அதையே எடுத்துக் கடிப்பாரு."

நாச்சிமுத்து வாயைப் பிளந்தார். "என்ற சம்சாரத்துக்கே இவ்வளவு தெரியாதுங்க சாமி!"

"பூக்காரம்மா பேரு என்னங்கண்ணா? எட்டு வருசமா அமாவாசை தவறாம வர்றாங்க."

செங்கோடனுக்குத் தெரியவில்லை. வாளியைக் கீழே வைத்தார். "அப்போ எனக்குக் குகை இல்லீங்களா சாமி? விழிப்பே வரலீங்களா?"

சாமி உள்ளே போய் வாளியை நிரப்பிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"யாரு சொன்னா? உங்ககிட்ட விழிப்பு வாளி வாளியா இருக்குது. ஆறு வருசமா அத்தனையும் ஒரே இலையில கவுத்துட்டு இருக்கீங்க. பந்தி எத்தனை நீளம் பாருங்க."