மூன்றாம் வளைவில் மண்டியிட்ட மட்டக்குதிரை

வேங்கைக்குன்றத்து மன்னர் கொழுந்துவேலரின் எடை ஐந்து மணங்கு. பத்தொன்பது வருடங்களாக அதே ஐந்து மணங்கு.

ஒரு மணங்கு என்பது இன்றைக்குப் பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பட்டம் சூட்டிய நாளில் மன்னருக்கு வயது பதினெட்டு. துலாபாரத் தட்டில் அவருக்கு எதிரே ஐந்து மணங்கு அரிசி சரியாக நின்றது. அதன் பிறகும் ஆண்டுதோறும் துலாபாரம் நடந்தது. திரைக்குப் பின்னால் மன்னர் கண்ணை மூடிப் பிரார்த்திப்பார். எதிர்த்தட்டில் அரிசி வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகும். ஆனால் அரசரின் உடம்பு மாறிவிட்டது என்று அறிவிப்பது அபசகுனம். ஆகவே தளவாய் அனந்தப்பர் திரையை விலக்கி வெளியே வந்து, "ஐந்து மணங்கு!" என்று முழங்குவார். ஊர் ஆரவாரிக்கும். மன்னரும் நம்பினார்.

நம்பாத ஜீவன் ஒன்றே ஒன்று. அது மல்லி என்ற மட்டக்குதிரை. மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் மொத்தம் பன்னிரண்டு வளைவுகள். அந்த வருடத் திருவிழாவில், மூன்றாவது வளைவிலேயே மன்னரைச் சுமந்தபடி மல்லி மண்டியிட்டது.

மறுநாள் காலை சபையில் லாயத் தலைவர் மீராசா ராவுத்தர் கைகட்டி நின்றார்.

"தீனி போடாமல் குதிரையை வற்ற வைத்திருக்கிறார்" என்றார் தளவாய். "மகாராஜா, ராவுத்தரை நாடு கடத்த வேண்டும். நாற்பது மட்டக்குதிரைகளையும் உப்பு வியாபாரிகளுக்குத் தள்ளிவிடலாம். நல்ல அரபிக் குதிரைகளாக வாங்குவோம்."

தளவாயின் மைத்துனர் துறைமுகத்தில் அரபிக் குதிரை விற்பவர். இது சபையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை.

உப்பு வியாபாரிகள் மூட்டை ஏற்றும் விதம் ராவுத்தருக்குத் தெரியும். மல்லி ஒரு கோடை தாங்காது. மல்லி ஏன் மண்டியிட்டது என்பதும் அவருக்குத் தெரியும். நெஞ்சைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்தே குதிரையின் எடையைச் சொல்லிவிடுகிறவர் அவர். மல்லி முப்பது மணங்கு. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு மணங்கு, மலையில் சுமக்கும். சேணம் ஒன்று, சவாரி செய்கிறவர் ஐந்து. அதற்கு மேல் ஏற்றினால் முதுகு போய்விடும். இதை எப்படிச் சொல்வது? சொன்னால் நாடு கடத்தலோடு விடமாட்டார்கள்.

"ராவுத்தரே, நீர் என்ன சொல்கிறீர்?" என்றார் மன்னர்.

"குதிரைக்கு ஒரு குறையும் இல்லை, மகாராஜா."

"குறை என்னிடமா?"

அப்போது அவை விகடர் பிச்சாண்டி எழுந்தார்.

"எதற்கு வீண் பேச்சு, மகாராஜா? தங்கள் எடைக்கு எடை அரிசியை மல்லி மேல் ஏற்றுவோம். மலையேறினால் ராவுத்தர் நிரபராதி. படுத்துக்கொண்டால் தளவாய் சொன்னபடி ஆகட்டும்."

ராவுத்தர் அவரை வெறித்துப் பார்த்தார். 'அடப்பாவி, கொன்றுவிட்டாயே' என்று நினைத்துக்கொண்டார்.

"அருமையான யோசனை!" என்று தளவாய் துள்ளினார். "இப்போதே ஏற்றுங்கள்!"

"தளவாயே, எத்தனை மணங்கு கட்டச் சொல்லட்டும்?" என்று கேட்டார் பிச்சாண்டி.

தளவாய் வாயைத் திறந்தார். மன்னர் பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் வாயை மூடி, மறுபடி திறந்தார்.

"ஐந்து."

மல்லி பன்னிரண்டு வளைவும் ஏறி, இறங்கி வந்தது. வந்ததும் மூட்டையின் ஓரத்தைக் கடித்து அரிசி தின்றது.

"ராவுத்தர் நிரபராதி" என்றார் மன்னர். பிறகு புருவத்தைச் சுளித்தார். "அப்படியானால் நேற்று ஏன் மண்டியிட்டது?"

"அது… பக்தியால் இருக்கலாம்" என்றார் தளவாய்.

"துலாபாரத் தராசைக் கொண்டுவரச் சொல்லுங்கள், மகாராஜா. இந்த முறை திரை வேண்டாம், கண்ணும் திறந்திருக்கட்டும்" என்றார் பிச்சாண்டி.

மன்னர் ஒரு தட்டில் உட்கார்ந்தார். மறுதட்டில் ஐந்து மணங்கு அரிசி வைத்தார்கள். தராசு அசையவில்லை. ஆறு வைத்தார்கள். ஏழு, எட்டு. ஒன்பதாவது மணங்கு விழுந்ததும் மன்னரின் பாதம் தரையை விட்டு மெல்ல எழும்பியது. ராவுத்தர் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தளவாயே, மன்னர் எத்தனை மணங்கு?" என்று கேட்டார் பிச்சாண்டி.

"ஐந்து" என்றார் தளவாய். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தட்டில் எத்தனை?"

"ஒன்பது."

"மகாராஜா, விஷயம் தெளிவாகிவிட்டது. பத்தொன்பது வருடம் தளவாய் பொய் சொல்லியிருக்க மாட்டார். தாங்கள் ஐந்து மணங்குதான். தங்களை மல்லி சுமந்திருக்கும். தங்கள் குதிரையில், தங்கள் அனுமதி இல்லாமல், நாலு மணங்கு ஆள் ஒருவன் கூடவே ஏறி உட்கார்ந்திருக்கிறான். இப்போதும் தட்டில் இருக்கிறான்."

மன்னர் இடப்பக்கம் குனிந்து பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கடைசியாகத் தன் வயிற்றைப் பார்த்தார். அதைப் பார்க்க மட்டும் வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

ராவுத்தர் மனசுக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்தார். பிச்சாண்டிக்கும் சேர்த்தே கட்டினார்.

"லாயம் ராவுத்தரிடமே இருக்கட்டும்" என்றார் மன்னர். "அரபிக் குதிரை வேண்டாம். தளவாயே, அடுத்த துலாபாரத்தில் நீர் வாயைத் திறக்க வேண்டியதில்லை." பிறகு பிச்சாண்டி பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த நாலு மணங்கு ஆளை எப்படி ஐயா இறக்கிவிடுவது?"

"மிரட்ட வேண்டாம், மகாராஜா. மலைக்குத் தினமும் நடந்தே போங்கள். அவனுக்கு நடக்கப் பிடிக்காது. வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொள்வான்."