சடையன் நக்கிய வரி

மலைகளுக்கு யாரும் பேர் வைக்காத காலம் அது. அப்போது ஒரு காட்டில் சடையன் என்கிற கரடி தேன்கடை வைத்திருந்தது.

கடை வைத்தவர்கள் வருஷா வருஷம் வரி கட்ட வேண்டும். ஏரிக்கரையைப் பழுது பார்க்கும் யானைகளுக்குச் சாப்பாடு அதிலிருந்துதான். சடையனுக்கு வரி பன்னிரண்டு குடுவைத் தேன். தைப் பௌர்ணமிக்குள் கட்டாவிட்டால் கடை வேறு யாருக்காவது போய்விடும்.

சடையன் ஏமாற்றுகிற கரடி இல்லை. மாசம் ஒரு குடுவை தனியே எடுத்துத்தான் வைத்தது. ஆனால், "கெட்டுப்போச்சா பார்ப்போம்" என்று தினமும் ஒரு விரல் நக்கியது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் தூக்கிப் பார்த்தால் பன்னிரண்டும் காலி.

பக்கத்து மரத்திலிருந்து மரநாய் எட்டிப் பார்த்தது.

"என்ன அண்ணே, வரியெல்லாம் வயித்துக்குள்ள போயிருச்சா?"

"சிரிக்காதே தம்பி. கடை போயிடும்."

"அடியில களிமண்ணை அப்பு. மேல ரெண்டு விரல் தேன். யாருக்குத் தெரியும்?"

சடையன் ஒரு குடுவையில் களிமண்ணை அப்பியது. தூக்கிப் பார்த்தது. கனமாகத்தான் இருந்தது. 'இதை வாயில் வைக்கப்போவது யானையாச்சே' என்று நினைத்ததும் அதற்குக் கை ஓடவில்லை. குடுவையோடு ஏரிக்கரைக்கு நடந்தது.

வரி வாங்கும் கூழைக்கடாப் பறவை மதகின் மேல் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, வரித்தேனை நானே நக்கிட்டேன். இதுல இருக்கிறது களிமண். ஏமாத்தலாம்னு பார்த்தேன், மனசு வரல."

கூழைக்கடா குடுவைக்குள் அலகை விட்டுப் பார்த்தது.

"எலி தின்னுச்சு, வெள்ளம் கொண்டுபோச்சு, எல்லாம் கேட்டிருக்கேன். நானே தின்னேன்னு சொன்னது நீ ஒருத்தன்தான். சரி, என்ன செய்யலாம்?"

"தவணை குடுங்க. மாசம் ரெண்டு குடுவை. ஒண்ணு பழைய வரிக்கு, ஒண்ணு புது வரிக்கு."

"மறுபடியும் நக்கினா?"

சடையன் தலையைச் சொறிந்தது. "வீட்டுல வெச்சாதானே நக்குவேன்? தேனடை எடுத்த கையோட நேரா இங்க வந்துடறேன். குடுவையை முதுகுல கட்டிக்கறேன். அங்க நாக்கு எட்டாது."

கூழைக்கடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு மாசம் தவறினாலும் மிச்சம் மொத்தத்தையும் அன்னிக்கே கேட்பேன். சம்மதமா? அந்தக் களிமண்ணுல கையைப் பதி. அதுதான் கடன் பத்திரம்."

சடையன் கையைப் பதித்தது.

மாசாமாசம் தேன் வந்தது. ஐப்பசி மழையில் கிடைத்ததே இரண்டு குடுவைதான். கடையில் விற்க ஒரு சொட்டு இல்லை.

"இந்த மாசம் மட்டும் விடு அண்ணே," என்றது மரநாய்.

"இதை விட்டா கடையையும் விடணும் தம்பி," என்று சடையன் நனைந்துகொண்டே போனது. அந்த மாசம் கிழங்கைத் தின்று சமாளித்தது.

அடுத்த தையில் கடைசி இரண்டு குடுவைகளை இறக்கி வைத்தது. கூழைக்கடா காய்ந்துபோன களிமண் பத்திரத்தை எடுத்து ஏரியில் போட்டது. கைத்தடம் மெல்லக் கரைந்தது.

"இனி கடன் இல்ல. குடுவைக்கு வெளியே வழிஞ்சிருக்கு பார், அதை நக்கிக்கோ. அது வரியில சேராது."

சடையன் ஒரு விரல் தேனை வழித்துக்கொண்டு, கரையோடு கடையைப் பார்த்து நடந்தது.

கட்ட முடியாத வரியை மறைக்காமல், கேட்கும் முன்னே போய் உண்மையைச் சொல்லித் தவணை தவறாமல் கட்டினால், எவ்வளவு பெரிய பாரமும் இறங்கிவிடும்.