முழங்காலில் விட்ட இடம்

2011 அக்டோபர் 19, புதன்கிழமை. வேளிமலை அடிவாரத்தில் காலை முதல் தூறல், காற்று இல்லை.

எலும்பு வைத்தியம் கற்பிக்கும் தவமணி ஆசானின் முன், அவருடைய சீடர் தாணுலிங்கம் பையோடு வந்து நின்றார். ஆசானான அந்த அம்மையாருக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபது. மனைவி இறந்தபின், ஆளற்ற வீட்டில் இருக்க மாட்டாமல் படிக்க வந்தவர்.

“போயிட்டு வாறேன், ஆசானே. சாயங்கால பஸ்ஸுல திருப்பூருக்கு.”

“மக கூப்பிட்டாளா, அண்ணாச்சி?”

“அவளா? ஞாயித்துக்கிழமை போன் போடுவா. ‘சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா.’ வச்சிருவா. நேர்ல போய்க் கேக்கப் போறேன். ஒண்ணு, என்னைக் கூடவே வச்சுக்கோ. இல்ல, அப்பன் செத்தான்னு நினைச்சுக்கோ.”

“முன்னால மக வீட்டுலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

“அப்புறம்?”

அவர் தோள் பையைச் சரிசெய்துகொண்டார்.

“தினம் சண்டை.”

ஆசான் மரப்பெட்டியைத் திறந்தார். பாடத்திற்கென வைத்திருந்த எலும்புகள் அதில் இருந்தன.

“பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. ஒரு காலைக் கட்டிக் குடுத்துட்டுப் போங்க.”

தாணுலிங்கம் பையை இறக்கினார். தொடை எலும்பின் கீழே கணைக்காலின் பெரிய எலும்பை வைத்தார். மெல்லிய எலும்பை அதன் வெளிப்புறத்தில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்தினார்.

“இதுவும் என்னைப் போலத்தான். முழங்கால் வரைக்கும் வர விடல.”

“கணுக்கால்ல போய்க் கேளுங்க, அதோட அருமையை. கட்டுங்க.”

முறிவுகளைக் கட்டிப் பழகிய கை. எலும்பு முனைகளை ஒன்றோடொன்று அழுத்தி, துணியைச் சுற்றி இறுக்கினார்.

“நல்ல கட்டு,” என்றார் ஆசான். “மடக்குங்க.”

மடங்கவில்லை. எலும்பும் எலும்பும் உரசி நறநறத்தன.

“இறுக்கினாத்தானே எலும்பு கூடும், ஆசானே?”

“முறிஞ்சா இறுக்கணும். இது முறிஞ்சதா, அண்ணாச்சி?”

தாணுலிங்கம் கட்டை அவிழ்த்தார்.

“உயிருள்ள கால்ல இந்த ரெண்டு எலும்பும் தொடுமா?”

“தொடாது. மேல குருத்தெலும்பு, நடுவுல நீர்.”

“தொட்டா?”

“நடக்க முடியாது.”

முனைகளுக்கிடையே மெத்தென்ற துணியை வைத்து, தளர்த்திக் கட்டினார். கால் மடங்கியது, நீண்டது. அவர் அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார்.

“இவ்வளவு இடம் விட்டா, விட்டே போயிராதா?”

“எழுந்திரிங்க.”

தாணுலிங்கம் தம் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

“விட்டுப் போச்சா?”

அன்று அவர் பஸ் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள். சாப்பாட்டையும் மாத்திரையையும் கேட்டாள். திருப்பூரில் மழையா என்று இவர் கேட்டார். இல்லை என்றாள். அடுத்த புதன்கிழமை தீபாவளி, அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் பேசினாள்.