புள்ளிகளுக்கு நடுவே

ஒரு மலையில் இருளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. கீழே, நகரத்து அலுவலகச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்துக்கு மட்டும் அது தெரியாது. "அங்கே ஆளே இல்லை, வெறும் காடு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்டுக்கு உரிமை கேட்டு மனுப் போட்டிருந்த மருதியும் அவள் கணவன் பெட்டனும் ஓர் இடங்காட்டிக் கருவியோடு மலையேறினார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கருவி. வானத்துச் செயற்கைக்கோள்களோடு பேசி, நிற்கும் இடத்தைப் பிசகாமல் குறித்துவிடும்.

"பெயரைச் சொல்லுங்கள், புள்ளி வைக்கிறேன். பிறகு ஒருவராலும் அழிக்க முடியாது" என்றது கருவி.

பெட்டனுக்கு நெஞ்சுச்சளி. மேட்டில் நின்று நின்றுதான் ஏறினான்.

"நான் தேன்பாறை" என்றது பாறை. "இந்தப் பெட்டனின் அப்பன் தேனெடுக்க என் முதுகில் கயிறு கட்டி இறங்கியவன். எழுதிக்கொள்."

"நான் கூழாறு" என்றது ஓடை. "நிற்க நேரமில்லை. பெயரை மட்டும் வாங்கிக்கொள்."

புதைகாட்டுக் கற்கள் புல்லுக்குள் ஒடுங்கிக்கொண்டன. பிறகு, "எங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறாயா?" என்று கேட்டன.

"காட்டினால்தான் காப்பாற்ற முடியும்" என்றது கருவி.

"குறிச்சுக்க சாமி" என்றான் பெட்டன். "அப்பன், ஆத்தா எல்லாம் இங்கதான் இருக்காங்க. நானும் இங்கதான் வரோணும்."

விசாரணை நாளில் பழைய வரைபடத்துக்கு எதிரே புதியதை விரித்தார்கள். அதில் மலை முழுக்கப் புள்ளிகள், புள்ளிக்கொரு பெயர். பழைய வரைபடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது: "என்னை வரைந்தவர்கள் மலையேறவே இல்லை."

உத்தரவு வந்தது. மனு ஏற்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சின்ன வட்டம். வட்டத்துக்குள்ளே இருப்பது அவர்களுக்கு. மீதியெல்லாம் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாத காப்புக்காடு.

மருதி அலுவலகத்துக்கு ஓடினாள். "ஐயா, எங்க காடு எங்கீங்க?"

"நீங்க வெச்ச புள்ளி ஒண்ணைக்கூட விடலையேம்மா" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் உண்மையாகவே ஆச்சரியம் இருந்தது.

மேல்முறையீடு செய்தார்கள். பதில் வருவதற்குள் மழைக்காலம் வந்தது. பெட்டன் இறந்துபோனான்.

பாடையைத் தூக்கிக்கொண்டு குடியிருப்பைத் தாண்டியதும் வனக்காவலர் குறுக்கே வந்தார். அவரும் நனைந்திருந்தார்.

"மன்னிச்சுக்கங்க அக்கா. ஊடு உங்க எடம். புதைகாடும் உங்க எடம். நடுவுல இருக்கறது காப்புக்காடு. மேல கேட்டிருக்கேன், உத்தரவு வரட்டும்."

தூக்கியவர்கள் பாடையை ஈர மண்ணில் இறக்கினார்கள். பெண்களின் அழுகை நின்றுபோனது.

மருதியின் இடுப்பு மடியிலிருந்த கருவி பதறியது. "மருதி, இந்த இடத்துக்கு ஒரு பெயர் சொல். இப்போதே புள்ளி வைக்கிறேன்."

மருதி சுற்றிலும் பார்த்தாள். புல், ஈரம், நான்கைந்து மரங்கள். பிறந்ததிலிருந்து தினமும் நடந்த நிலம்.

"பேரா?" என்றாள். "ஊட்டுக்குள்ள அடுப்புக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற எடத்துக்கு யாராச்சும் பேரு வெப்பாங்களா?"

கருவி காத்திருந்தது. பாடையில் பெட்டனும் காத்திருந்தான்.